கப்பல் வாசலில் ஏன் இந்த நாள் கணக்கு?

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் பாட்டி அங்கே பால்மரம் சீவியவர். இன்று அந்த இடம் முழுக்கச் செம்பனை. லயங்கள் இருந்த தடம்கூடத் தெரியாது. பாட்டி விட்டுப்போன பிஸ்கட் டின் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குள் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒரு வெற்றிலைப் பெட்டிச் சாவி, மடிப்பில் கிழிந்துபோன மஞ்சள் நிறச் சிறு புத்தகம்.

அந்தப் புத்தகம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்த அனைத்துலகத் தடுப்பூசிச் சான்றிதழ் அது. ஒரு பக்கத்தில் பெரியம்மைக்கான முத்திரை. அடுத்த பக்கத்தில் காலரா ஊசிக்கான முத்திரை. 1968ஆம் ஆண்டு அண்ணன் மகள் கல்யாணத்துக்காகப் பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போய்வந்தபோது வாங்கியவை. "இது இல்லேன்னா கப்பல்ல ஏத்தமாட்டான்" என்று கடப்பிதழைவிடப் பத்திரமாக அதை வைத்திருப்பாராம்.

முத்திரைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் சில விதிகள். முதன்முறை அம்மை குத்திக்கொண்டவரின் சான்றிதழ் எட்டு நாள் கழித்துத்தான் செல்லும், மூன்று ஆண்டுக்குச் செல்லும். காலரா ஊசி ஆறு நாள் கழித்துச் செல்லும், ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். உங்கள் வயதில் இதைப் படித்தபோது, இந்த எட்டும் ஆறும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த யாரோ ஓர் அதிகாரி மனம்போன போக்கில் எழுதியவை என்றுதான் நினைத்தேன்.

பள்ளி விடுமுறையில் உங்கள் குடும்பம் பினாங்கிலிருந்து உல்லாசக் கப்பலில் போகத் திட்டமிட்டால், பயண முகவர் அனுப்பும் பட்டியலிலும் இப்படி எண்கள் வரும். இத்தனை நாளுக்குள் காய்ச்சல் இருந்ததா? கடந்த இத்தனை நாளில் எந்த நாட்டில் இருந்தீர்கள்? ஊசி போட்டு இத்தனை நாள் ஆயிற்றா? அதிகாரிகள் எழுதும் எண்கள்தாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கிருமி.

கிருமியின் கடிகாரம்

ஒரு கிருமி உங்கள் உடலுக்குள் நுழைந்த அந்த நிமிடமே நீங்கள் நோயாளி ஆகிவிடுவதில்லை. அது பெருக வேண்டும். போதிய அளவு பெருகிய பிறகுதான் காய்ச்சலோ வாந்தியோ தெரியும். இந்த இடைவெளியை நோயரும்பு காலம் என்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் இது வேறு. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை. மஞ்சள் காய்ச்சலுக்கு மூன்று முதல் ஆறு நாள். பெரியம்மைக்குப் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாள்.

இப்போது உலகச் சுகாதார நிறுவனம் 1951இல் கொண்டுவந்த அனைத்துலகச் சுகாதார விதிகளைப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய பயணியை அதிகபட்சம் எத்தனை நாள் பிரித்து வைக்கலாம்? காலராவுக்கு 5. மஞ்சள் காய்ச்சலுக்கு 6. பெரியம்மைக்கு 14. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கிருமி ஒளிந்திருக்கக்கூடிய மிக நீண்ட காலம் எதுவோ, அதுவே காத்திருக்க வேண்டிய காலம்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பும் மனிதர்கள் கப்பலை நிறுத்தினார்கள். இன்று குரோவேஷியாவில் இருக்கும் துப்ரோவ்னிக் நகரம் 1377இல், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பின்னால் அது 40 நாள் ஆனது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் நம் வீடுகளில் பேசும் 'குவாரண்டைன்' வந்தது. கொள்ளைநோய்க்கு ஆறு நாளே போதும் என்று பின்னர் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் பாதுகாப்புக்காக ஆறு மடங்குக்கும் மேல் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வாரக் கடல், ஒரு பச்சைத் தீவு

ரஜுலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடியது. பேராக்கில் தமிழர் வீடு ஒன்றில் விசாரித்துப் பாருங்கள். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அதிலோ அதன் கூட்டாளிக் கப்பல்களிலோ வந்திருப்பார். பெரும்பாலோர் டெக்கில், அதாவது தனி அறை இல்லாமல், பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம். இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. கப்பல் ஏறும் அன்று ஒருவருக்குக் காலரா தொற்றியிருந்தால், ஐந்து நாளுக்குள் நோய் தெரிந்துவிடும். பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கப்பல் மருத்துவருக்குச் செய்தி போய்விடும். கடல் பயணமே ஒரு சோதனைச்சாலை ஆகிவிட்டது. பெரியம்மை அப்படியல்ல. அதே நாளில் தொற்றியிருந்தால், ஏழாவது நாள் பினாங்கில் இறங்கும்போது அவர் திடமாக நடந்து இறங்குவார். முகத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. பிராய்க்குப் படகில் வந்து, ரயிலேறி, சுங்கை சிப்புட்டில் இறங்கி, லயத்தில் நான்கு குடும்பங்களோடு படுத்து எழுந்த பிறகுதான் காய்ச்சல் வரும்.

அதனால்தான் நடுவில் தீவு வந்தது. பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே திரும்பிப் பாருங்கள். காடு மூடிய ஒரு பச்சைத் தீவு தெரியும். அது ஜெரெஜாக். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே குவாரண்டைன் நிலையம் இருந்தது. கப்பலில் வந்த தொழிலாளர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள். துணிமணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மை குத்தாதவர்களுக்குக் குத்தப்பட்டது, நாள்கள் எண்ணப்பட்டன. போர்ட் சுவெட்டன்ஹமிலும் இப்படி ஒரு முகாம் இருந்தது. பழைய தலைமுறையினரின் மேற்கையில் காசு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருக்குமே, அது அந்த அம்மை குத்தலின் அடையாளம். (உங்கள் கையில் இருப்பது பிறந்தவுடன் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருமிக்கு முதல் வகுப்பும் டெக்கும் தெரியாது. ஆனால் தீவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகள். தனியறைப் பயணிகள் முகவரி கொடுத்துவிட்டு ஊருக்குள் போவதே வழக்கமாக இருந்தது. நெரிசலில் வந்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். அந்த நெரிசலில் அவர்களை ஏற்றியது யார் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டால் அறிவியல் பக்கத்திலிருந்து வரலாற்றுப் பக்கத்துக்குப் போய்விடுவோம்.

கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடினால்?

நெரிசல் அறிவியலுக்கும் தலைவலிதான். பிரித்து வைப்பது பலிக்க வேண்டுமென்றால் பிரித்து வைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தொற்றிக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் நாள் பக்கத்துப் பாய்க்காரருக்கு அம்மை கண்டால், உங்கள் 14 நாள் அன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் உலகம் இதை நேரலையில் பார்த்தது. டைமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நிறுத்தப்பட்டது. கப்பலில் 3,711 பேர். ஹாங்காங்கில் முன்பே இறங்கிவிட்ட ஒரு பயணிக்குக் கோவிட்-19 உறுதியானதுதான் காரணம். பிப்ரவரி 5 முதல் 14 நாள் பயணிகள் தங்கள் அறைகளிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. கோவிட்டின் நோயரும்பு காலம் சராசரி ஐந்து நாள். 14 நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் பயணிகளுக்குச் சோறு கொண்டுபோனது யார்? கப்பல் பணியாளர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அவர்கள் வேலை செய்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், சிறிய அறைகளைப் பகிர்ந்துகொண்டு தூங்கினார்கள். அவர்களுடைய கடிகாரம் தினமும் பூஜ்யத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. கப்பலில் ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்த நேரத்தில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

ரஜுலாவின் டெக்கையும் அந்தப் பணியாளர் அறைகளையும் நூறாண்டு பிரிக்கிறது. கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த மாதமே அலை நம் வாசலுக்கு வந்தது. கோஸ்டா ஃபோர்ச்சுனா என்ற கப்பல் ஏறத்தாழ 2,000 பயணிகளோடு வந்தது. அவர்களில் 64 பேர் அப்போது நோய் கடுமையாகப் பரவிக்கொண்டிருந்த இத்தாலியைச் சேர்ந்தவர்கள். தாய்லாந்தின் புக்கெட் அதை ஏற்கவில்லை. மார்ச் 7 அன்று பினாங்கும் ஏற்கவில்லை. சிங்கப்பூர்தான் இறக்கிக்கொண்டது. இன்று நடப்பில் இருக்கும் 2005ஆம் ஆண்டு அனைத்துலகச் சுகாதார விதிகள், சுகாதாரக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கு வராதே என்று தடுக்கக் கூடாது என்கின்றன. அங்கே வசதி இல்லையென்றால் வேறு தகுந்த துறைமுகத்துக்கு அனுப்பலாம். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அந்த மார்ச் மாதத்தில் அதை நினைத்துப் பார்த்த துறைமுகங்கள் குறைவு. பயந்த நேரத்தில் 1377க்குத் திரும்பிப் போவது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

'இல்லை' என்றால் இல்லையா?

பாட்டி காலத்தில் அதிகாரி பார்த்தது முத்திரையையும் முகத்தையும்தான். இப்போது சோதனை இருக்கிறதே, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள்.

2022 ஏப்ரல் 1 அன்று மலேசியா எல்லையைத் திறந்தபோது போட்ட விதியைக் கவனியுங்கள். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளுக்குள் ஓர் ஆர்டி-பிசிஆர் சோதனை. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு விரைவுச் சோதனை. ஏன் இரண்டு? முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்தால், கிருமி இல்லை என்று பொருளல்ல. குச்சியில் கண்டுபிடிக்கும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை என்றும் பொருள் இருக்கலாம். நேற்றுத் தொற்றியவருக்கு இன்று சோதித்தால் ஏறக்குறைய நிச்சயமாக 'இல்லை' என்றே வரும். சோதனைக்கும் அதே கடிகாரம்தான். (இந்த விதிகள் எல்லாம் 2022 ஆகஸ்ட் 1 முதல் நீக்கப்பட்டன.)

சோதனையில் வேறொரு குறையும் உண்டு. நாம் தேடியதை மட்டுமே அது கண்டுபிடிக்கும். இதை ஈப்போக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நம்பினார்கள். புகை அடித்தார்கள், அந்த நோய்க்குரிய தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பேராக்கிலிருந்து பன்றிகள் தெற்கே கொண்டுபோகப்பட்டபோது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது: நிப்பா. அதற்குள் கொசுவைத் துரத்துவதில் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விட்டன. நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள்.

சரி, 'இருக்கிறது' என்று வந்தால்? அதுவும் முடிந்த முடிவல்ல. ஒரு கணக்குப் போடுவோம், தாளை எடுங்கள். ஒரு கப்பலில் 1,000 பேர். உண்மையில் தொற்று இருப்பது ஒருவருக்கு மட்டும். தொற்று இல்லாத 100 பேரைச் சோதித்தால் 99 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் சோதனை உங்களிடம் இருக்கிறது. நல்ல சோதனைதான். 999 பேரைச் சோதித்தால்? ஏறத்தாழப் பத்துப் பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வரும். உண்மையான அந்த ஒருவரையும் சேர்த்தால் பதினொரு பேர். 'இருக்கிறது' என்று வந்தவர்களில் பதினொன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் இருக்கிறது! இதே கப்பலில் 500 பேருக்குத் தொற்று இருந்தால் விடை தலைகீழாக மாறும். அதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் என்ற கப்பலைப் பல நாடுகள் திருப்பியனுப்பிய பிறகு கம்போடியா ஏற்றுக்கொண்டது. அதில் இறங்கிய 145 பேர் விமானத்தில் கோலாலம்பூர் வந்தார்கள். அவர்களில் 83 வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்கு இங்கே தொற்று உறுதியானது. கம்போடியா நம்ப மறுத்தது. மலேசியா மறுபடி சோதித்தது. மறுபடியும் அதே முடிவு. ஆனால் கப்பலில் இருந்த மற்ற யாருக்கும் தொற்று உறுதியாகவில்லை. அந்தச் சோதனை முடிவைப் பற்றிய சர்ச்சை அதோடு முடியவுமில்லை. ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பயணத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். மலேசியா மறுபடி சோதித்தது சரியான வேலை.

இப்போது நீங்கள் ஏறினால்

ஈப்போவில் இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன். உங்கள் கொள்ளுத்தாத்தா இறங்கி வந்த வழியைத் திருப்பிப் போட்டால் உல்லாசக் கப்பல்கள் நிற்கும் சுவெட்டன்ஹம் துறைமேடை வந்துவிடும். பக்கத்து நாடுகளைச் சுற்றிவரும் சாதாரணப் பயணத்துக்கு இன்று தடுப்பூசிப் புத்தகம் கேட்கமாட்டார்கள். செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். குறைந்தது ஆறு மாதம் மீதமிருப்பது நல்லது. ஏறுமுன் ஒரு சுகாதாரப் படிவம் தருவார்கள். பெரும்பாலும் கேட்பது வயிற்றுப்போக்கு, வாந்தி பற்றித்தான். கப்பல்களை இப்போது அதிகம் ஆட்டிவைப்பது நோரோ வைரஸ். அதன் நோயரும்பு காலம் 12 முதல் 48 மணி நேரம். நோய் நின்ற பிறகும் இரண்டு நாள் மற்றவர்களோடு சேராதே என்பார்கள். நோய் நின்றாலும் கிருமி வெளியேறுவது உடனே நிற்பதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: நுழைவாசலில் வைத்திருக்கும் கைத்தெளிப்பான் இந்த வைரஸை அவ்வளவாக அசைக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வழி.

ஆனால் கப்பல் பிரேசிலிலிருந்தோ கென்யாவிலிருந்தோ வந்தால் கதை வேறு. மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளிலிருந்து வருபவர்களிடம் மலேசியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) நம் நாட்டில் இந்த நோய் இல்லை, ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே இருக்கிறது. டிங்கியைப் பரப்பும் அதே கொசு. காய்ச்சலோடு வரும் ஒரே ஒருவரை அது கடித்தால் போதும் என்ற பயம்தான் இந்த விதி. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். உடல் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்க அவ்வளவு நாள் பிடிக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஊசி போட்டுக்கொண்டு பயனில்லை. பத்தாண்டு செல்லும் என்றிருந்ததை 2016 ஜூலையில் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள், ஒரு முறை போட்டால் பாதுகாப்பு நிலைக்கிறது என்று தெரிந்ததால். சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை பிரித்து வைக்கலாம். அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

விதிகள் இப்படி மாறுவது நல்லதுதான். பாட்டியின் புத்தகத்தில் இருந்த காலராப் பக்கத்தை உலகச் சுகாதார மன்றம் 1973இல் நீக்கியது. அந்தக் கால ஊசி நாடு விட்டு நாடு நோய் பரவுவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. பெரியம்மைப் பக்கத்துக்கு வேறு முடிவு. உலகின் கடைசி இயற்கைத் தொற்று 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டது. 1980 மே மாதம் நோயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதன்பின் அந்தப் பக்கத்தில் முத்திரை குத்தக் காரணமே இல்லாமல் போயிற்று.

பயணிகளான உங்களைக் கேட்பதுபோல் கப்பலையும் கேட்பார்கள். கரைக்கு வருமுன் கப்பல் தலைவர் கடல்சார் சுகாதார அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும். அதில் ஒன்பது கேள்விகள். கப்பலில் யாராவது விபத்தின்றி இறந்தார்களா? தொற்றுநோய் என்று சந்தேகிக்கும்படி யாருக்காவது இருக்கிறதா? நோயாளிகள் வழக்கத்தைவிட அதிகமா? திருட்டுத்தனமாக ஏறியவர்கள் உண்டா? நோயுற்ற விலங்கு ஏதும் உண்டா? இப்படிப் போகும். இந்தப் பதில்களை வைத்துத் துறைமுகச் சுகாதார அதிகாரி அனுமதி தருவார். பல துறைமுகங்களில் இப்போது அது கணினி வழியே முன்கூட்டியே வந்துவிடுகிறது.

வராத வரை கப்பல் மஞ்சள் கொடி ஏற்றியிருக்கும். பழைய நாளில் மஞ்சள் கொடி என்றால் நோய்க் கப்பல், கிட்டே வராதே என்று பொருள். இன்றைய பொருள் நேர் எதிர்: என் கப்பல் நலமாக இருக்கிறது, இறங்க அனுமதி வேண்டும். அடுத்த முறை துறைமேடைப் பக்கம் போனால், வந்து நிற்கும் கப்பலின் கொடிக்கயிற்றைப் பாருங்கள். கொடி இறங்கிய பிறகுதான் படிக்கட்டு இறங்கும்.